சிரித்தவர்களும் எழுந்து போனவரும்

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் வசிக்கிறோம். ஏறத்தாழ இருபது தமிழ்க் குடும்பங்கள். ஆண்டுக் கடைசி இரவில் சங்க அறையில் திரை கட்டி எல்லாருமாக ஒரு படம் பார்ப்பது வழக்கம். இந்த முறை இளைஞர்கள் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டெத் டு 2020’ என்ற நையாண்டி ஆவணப்படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். “கொரோனாவைத் தாண்டி வந்துவிட்டோம், இனியாவது சிரிக்கலாமே” என்றார்கள். பிள்ளைகளுக்குப் படம் பிரமாதம். தாராவிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், “அமெரிக்காவும் லண்டனும்தான் உலகமா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று கோபித்துக்கொண்டார். மூன்றாவது மாடி மாமா, படத்தில் பேசிய வரலாற்றாசிரியரை நிஜமானவர் என்று நம்பி, அவர் சொன்னதை மறுநாள் பூங்காவில் நாலு பேரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பேரன் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு அவமானமாகிவிட்டது. 2020-இல் கணவரை இழந்த ஒரு பெண், எனக்குத் தங்கை போன்றவள், பாதிப் படத்தில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். இப்போது பிள்ளைகள் போன ஆண்டுச் செய்திகளை வைத்து அதேபோல ஒன்றைத் தாங்களே எடுத்து, ஜனவரி கடைசி ஞாயிறன்று நடக்கும் எங்கள் பொங்கல் விழாவில் போட அனுமதி கேட்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் நான். அனுமதிக்கலாமா? இத்தனை கருத்துகளில் எதை எடுத்துக்கொள்வது?
— வாசகி, செம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுமதி கொடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பதற்றமில்லாமல் படிக்கலாம். ஒரு படத்தைப் பார்த்தோம், சிரித்தோம் என்று போய்விடாமல், நாமும் ஒன்று செய்வோம் என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஒரு முழு ஆண்டின் செய்திகளை உட்கார்ந்து புரட்டிப் பார்க்கத் தயாராக இருக்கும் இளைஞர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அன்றிரவு உங்கள் சங்க அறையில் எழுந்த கருத்துகள் அனைத்தையும் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அவர்கள் கேமராவைத் தொட வேண்டும். எழுந்து போனவரின் மௌனத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறவன். செய்தித் தொலைக்காட்சிகளுக்கு ஆண்டு இறுதித் தொகுப்புகளையும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நவம்பரிலேயே பட்டியல் தயாராகிவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆட்கள் விடுப்பில் போய்விடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே வெட்டி, குரல் சேர்த்து, முடித்து வைத்துவிட வேண்டும். ஆக, ஆண்டு எப்போது முடிகிறது என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை, தொகுப்பவர் தீர்மானிக்கிறார். 2004-இல் சுனாமி வந்தது டிசம்பர் 26 அன்று. அந்தத் தேதியை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். இது முடிந்தது, இனித் திரும்பிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது, இன்னொருவருக்கு அது முடியாமலே இருக்கும். உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு மறுபடி வருகிறேன்.

இப்போது நீங்கள் பார்த்த படம். அது வெளியானது 2020 டிசம்பர் 27 அன்று. நீளம் ஏறத்தாழ 70 நிமிடம். உருவாக்கியவர்கள் சார்லி புரூக்கர், அனபெல் ஜோன்ஸ். புரூக்கர் அதற்கு முன்பு பிபிசியில் 2010 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஒரு செய்தித் தொகுப்பு நிகழ்ச்சி நடத்தி வந்தார். அதில் அவரே உட்கார்ந்து பேசுவார். தொலைக்காட்சியைப் பார்த்துக் கோபப்படுவார், கேலி செய்வார், சலித்துக்கொள்வார். பேசுகிறவர் யார், கோபம் யார்மேல் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. 2020 படத்தில் அவர் திரையில் இல்லை. காட்சித் துண்டுகள் அசல்: ஆஸ்திரேலியக் காட்டுத் தீ, அமெரிக்க அதிபர் மீதான பதவிநீக்க விசாரணை, கொரோனா, மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டது, நவம்பர் தேர்தல். அவற்றைப் பற்றிப் பேட்டி கொடுக்கிறவர்களோ நடிகர்கள். சாமுவேல் எல். ஜாக்சன் பத்திரிகையாளராக வருகிறார். லீசா குட்ரோ ஆளும் தரப்புக்கு வக்காலத்து வாங்கும் பேச்சாளர். குமைல் நஞ்சியானி தொழில்நுட்ப நிறுவன அதிபர். மாமா நம்பிய வரலாற்றாசிரியர் ஹியூ கிராண்ட்.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரையில் பேசும் எவரும் படம் எடுத்தவரின் கருத்தைப் பேசவில்லை. அசட்டுத்தனமாகப் பேசுகிற பத்துப் பேருக்குப் பின்னால் எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்ப்பவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் சிரிக்கிறார். கண்டுபிடிக்காதவர் நம்புகிறார், அல்லது புண்படுகிறார். கண்டுபிடித்தும், “அந்த இடத்தில் நீ நின்றிருக்கக் கூடாது” என்று நினைப்பவர் கோபப்படுகிறார். படம் வந்த சமயத்தில் விமர்சகர்களும் இப்படித்தான் பிரிந்து நின்றார்கள். ‘இணையத்தில் ஆண்டு முழுக்கச் சொல்லித் தீர்த்த நகைச்சுவையைத் திரும்பச் சொல்கிறார்கள்’ என்பது பலரும் வைத்த குறை. அதில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. நடிகர்கள் அபாரம், எழுத்து அந்த அளவுக்கு இல்லை.

ஆகவே எந்தக் கருத்து சரி என்று தீர்ப்பு எழுதும் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கைதூக்கச் சொல்லி எண்ணுகிற விஷயமும் இல்லை இது. ஒவ்வொருவரும் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள்.

முதலில் மாமா. அவர் வெட்கப்பட எதுவுமே இல்லை, இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த வரலாற்றாசிரியர், தொலைக்காட்சித் தொடரான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை நடந்த வரலாறுபோல இடையில் கலந்து பேசுவார். அந்தத் தொடரைப் பார்த்தவருக்குத்தான் அது கேலி என்று எட்டும். லண்டனில் பார்ப்பவருக்கு அதுகூடத் தேவையில்லை, ஹியூ கிராண்டின் முகமே போதும். ‘நடிகர் பேசுகிறார், நம்பாதே’ என்று அந்த முகமே சொல்லிவிடும். செம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவருக்கு அந்த முகம் எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது மரியாதையான தோற்றத்தில் ஒரு வெள்ளைக்காரர், கீழே பெயரும் தொழிலும், அழுத்தம் திருத்தமான ஆங்கிலம். நிஜமான ஆவணப்படங்களில் இத்தனை காலம் அவர் எதை நம்பி வந்தாரோ, அத்தனை அடையாளங்களும் அங்கே இருந்தன.

முகமும் குரலும் செய்கிற வேலை சாதாரணமானதில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக ஒரு சிறு காட்சி காட்டினார்கள். வர்ணனை ரிச்சர்ட் டிம்பிள்பி. போர்க்காலத்திலிருந்தே அந்த நாட்டு மக்கள் நம்பிக் கேட்ட குரல் அது. அந்தக் காலத்துப் பிரிட்டனில் ஸ்பகெட்டி வீட்டுச் சமையலில் பழகிய பொருளும் இல்லை. அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டே சிலர் பிபிசிக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. நம்பிக்கையான ஒருவர், தெரியாத ஒரு பொருளைப் பற்றி, நிதானமாகச் சொன்னார். அவ்வளவு போதும்.

உங்கள் பிள்ளைகளின் படத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். விழா நாளில் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் திரையில் வருவது யார் வீட்டுப் பையன் என்று தெரியும். அங்கே ஆபத்தே இல்லை. மறுநாள் யாரோ அதிலிருந்து முக்கால் நிமிடத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்புவார்கள். திருநெல்வேலியில் அதைத் திறக்கும் பெரியம்மாவுக்கு அந்தப் பையன் அன்னியன். கோட்டுப் போட்ட ஒரு நிபுணர், அவ்வளவுதான். ஆகவே, ‘இது நையாண்டி’ என்று படத்தின் தொடக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. ஒவ்வொரு நொடியும் திரையின் மூலையில் அந்தச் சொல் நிற்க வேண்டும், வெட்டி எடுத்தாலும் கூடவே போக வேண்டும். பெயர்ப்பட்டையிலும் கேலி தெரியட்டும். ‘டெத் டு 2020’ படத்திலேயே தொழில்நுட்ப அதிபரின் பெயர் பார்க் மல்டிவெர்ஸ், அறிவியலாளரின் பெயர் பைரெக்ஸ் ஃபிளாஸ்க். நம் பிள்ளைகள் ‘பேராசிரியர் அனுமானலிங்கம்’ என்றோ ‘முனைவர் கணிப்புநாதன்’ என்றோ வைக்கலாம். ‘டாக்டர் சுப்பிரமணியம்’ என்று வைத்து, மருந்து பற்றி ஒரு வரி சொல்ல வைத்தார்களோ, அந்த வரியை யாராவது நிச்சயம் கடைப்பிடிப்பார்கள். மருந்து, தேர்தல் தேதி, வங்கி, பள்ளி விடுமுறை ஆகியவற்றில் பொய்த் தகவலே கூடாது, கேலிக்காகக்கூட.

அடுத்து ஆசிரியை. அவர் சொன்னது விமர்சனத்திலேயே மிகக் கூர்மையானது. அந்தப் படத்தின் களம் அமெரிக்காவும் பிரிட்டனும். அவர் வாழ்ந்த 2020 வேறு. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று உறுதியானது. இரண்டு, இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர், பொதுக் கழிப்பறை, ஒரே அறையில் ஆறு ஏழு பேர். இந்தச் சேரி இனி அவ்வளவுதான் என்று எழுதாத பத்திரிகை அன்று குறைவு. மாநகராட்சி காய்ச்சல் முகாம் நடத்தியது. தெருத் தெருவாக மருத்துவர்கள் போனார்கள். பள்ளிக்கூடங்கள் தனிமைப்படுத்தும் மையங்களாயின. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். ஏப்ரலில் ‘வெடிகுண்டு’ என்றவர்கள் ஜூலையில் ‘முன்மாதிரி’ என்றார்கள். நடுவில் அங்கேயே இருந்த ஜனங்களிடம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறையாக அங்கே குடியிருக்கும் தமிழர்கள் உட்பட, இரண்டு முறையும் யாரும் அதிகமாக எதையும் கேட்கவில்லை.

நையாண்டிக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? கேமராவோடு வந்து ஜோசியம் சொன்ன வாய்களைத் தேதி போட்டு அடுத்தடுத்து வைத்தாலே போதும், வசனம்கூட வேண்டாம். ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது’ என்று ஆசிரியை கேட்டாரே, அதற்குப் பதில் அவரிடமே இருக்கிறது. பிள்ளைகளை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். போன ஆண்டுச் செய்திகளில் மும்பைத் தமிழருக்கு எவை முக்கியம், அவற்றில் யார் என்ன பேசினார்கள், பிறகு என்ன நடந்தது என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடட்டும். எழுதி முடித்த வசனத்தையும் முதலில் படிக்க வேண்டியவர் அவர்தான். கோபப்படத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நையாண்டி எழுதக் கூடாது.

இனி உங்கள் தங்கை. அவர் கணவர் எதனால் காலமானார் என்று நீங்கள் எழுதவில்லை. எதனாலாக இருந்தாலும், அந்த ஆண்டில் இறந்தவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி. வழக்கமான பயணிகள் ரயில் இல்லை. உள்நாட்டு விமானம் மே 25 வரை இல்லை. ஊரிலிருந்து தாயோ தகப்பனோ உடன்பிறந்தவரோ வந்து சேர முடியாமல், கைபேசித் திரையில் முகம் பார்த்து அழுத குடும்பங்கள் மும்பையில் எத்தனையோ. கொரோனா என்றால் அந்த முகத்தைக்கூட உறையிட்டு மூடித்தான் கொடுத்தார்கள். கட்டிப்பிடித்து அழ ஆளில்லை, பதினாறாம் நாளுக்குக் கூட்டமில்லை, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். ஒரு சாவை முடித்து வைக்க நம் வழக்கத்தில் எத்தனை காரியங்கள் இருக்கின்றனவோ, அத்தனையும் அந்த ஆண்டு அரைகுறையாகத்தான் நடந்தன.

இப்படிப்பட்டவருக்கு முன்னால், ‘அந்த ஆண்டு செத்தது, சிரிக்கலாம்’ என்று ஒரு படம் ஓடுகிறது. பிள்ளைகள், ‘தாண்டி வந்துவிட்டோம்’ என்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. பள்ளியும் கல்லூரியும் இழந்து வீட்டுக்குள் கிடந்த அந்த வயதுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, சண்டை போடவில்லை. அவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டவரைப் பிள்ளைகள் கும்பலாகப் போய் மன்னிப்புக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ‘எது பிடிக்கவில்லை?’ என்று யாரும் கேட்கவும் வேண்டாம். நீங்கள் தனியாக, வழக்கமாகப் போகிற நேரத்தில் போங்கள். பொங்கலுக்குப் பிள்ளைகள் ஒரு படம் எடுக்கிறார்கள், அதில் இன்னின்ன விஷயங்கள் வருகின்றன, படம் இத்தனை மணிக்கு, சாப்பாடு இத்தனை மணிக்கு என்று தகவலாகச் சொல்லுங்கள். படத்துக்கு வருவதா, சாப்பாட்டுக்கு மட்டும் வருவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார். ‘உனக்குச் சம்மதம் என்றால்தான் எடுப்போம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் பாரத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

துக்கத்தின் பக்கத்தில் சிரிப்பே ஆகாது என்று நான் சொல்வதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தெருக்கூத்தில் கர்ணன் சாகப் போகிற இரவிலும் கட்டியங்காரன் மேடையில் இருக்கிறான். அன்றைய ஊர்ச் சங்கதியைப் பாரதக் கதைக்குள் இழுக்கிறான், ராஜா வேடத்தையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான், கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கிறது. விடியற்காலையில் அதே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. கட்டியங்காரன் எங்கே நிற்கிறான் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும், யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பதும் தெரியும். பிள்ளைகளின் படத்திலும் அப்படி ஒருவர் வேண்டும் என்பது என் யோசனை. போலி நிபுணர்கள் பேசட்டும்; நடுவில் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் குரலில், நம் வீட்டுப் பிள்ளையாகவே ஒருத்தியோ ஒருவனோ வந்து, தாங்கள் எதை நினைத்துக் கோபப்படுகிறோம் என்று இரண்டு இடத்தில் நேராகச் சொல்லட்டும். புரூக்கரின் பழைய பிபிசி நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸ் படத்தைவிட என் மனத்தில் ஆழமாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இதைப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

2020 மே மாதத்தில் வந்த ஒரு காட்சி பலருக்கு நினைவிருக்கும். ஆக்ரா பக்கம், கால்நடையாக ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தாய் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள். பெட்டியின்மேல் குப்புறப் படுத்தபடி அவள் பிள்ளை தூங்குகிறான். சில நொடிகள்தான். இதை ஒரு நையாண்டிப் படத்தில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு போலி நிபுணரின் பேட்டி: “நடப்பது உடம்புக்கு மிகவும் நல்லது, இந்திய மக்கள் இப்போதுதான் அதை உணர்ந்திருக்கிறார்கள்.” இரண்டே துண்டுகள். எதை முதலில் வைப்பது?

நிபுணரை முதலில் வைத்து, அடுத்து அந்தத் தாயைக் காட்டினால், அறை சிரிக்கும்போது திரையில் இருப்பது அந்தப் பிள்ளை. சிரிப்பு அவன்மேல் விழுகிறது. எழுதியவர் மனத்தில் அப்படி ஓர் எண்ணமே இருந்திருக்காது, ஆனால் வெட்டு அப்படிச் செய்துவிட்டது. மாற்றி வையுங்கள். முதலில் அந்தத் தாய். பின்னணி இசை வேண்டாம்; பெட்டிச் சக்கரம் சாலையில் உருளும் ஓசை இருந்தால் அது மட்டும். அவள் திரையைக் கடந்து போகும் வரை பொறுங்கள், இடையில் வெட்டாதீர்கள். அதன் பிறகு நிபுணர், அதே வாக்கியம். இப்போது சிரிப்பு எழுந்தால் அது அந்த மனிதரின் முகத்தில்தான் விழும். பலருக்குச் சிரிப்பே வராது, வயிறு எரியும். அதுவும் நையாண்டியின் வேலைதான். வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, வரிசையை மட்டும் மாற்றினோம்.

சிரிப்பு எப்போதும் கடைசியாக வைத்த துண்டில் விழும். ஆகவே ஒவ்வொரு நகைச்சுவையின் முடிவிலும் படத்தை நிறுத்திவிட்டு, திரையில் யார் முகம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிகாரத்தில் இருப்பவர், ஆரூடம் சொன்னவர், விளம்பரத்தில் வந்தவர், தொலைக்காட்சி விவாதத்தில் கத்தியவர் என்றால் சரி. நோயாளி, பிணத்தின் பக்கத்தில் நிற்பவர், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் என்றால் அந்த இடத்தை மறுபடி வெட்ட வேண்டும். ‘டெத் டு 2020’ ஓடும்போது உங்கள் தங்கை எந்த இடத்தில் எழுந்தார் என்று யாருக்காவது நினைவிருந்தால், அந்த இரண்டு நிமிடங்களைப் பிள்ளைகள் இதே கண்ணோடு மறுபடி பார்க்கட்டும்.

கேலிக்கு ஆள் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். உங்கள் வளாகத்தின் காவல்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், உத்தரப் பிரதேசத்து ரிக்‌ஷாக்காரரின் பேச்சு, மராத்தி பேசும் அண்டை வீட்டார் ஆகியோரை வைத்துச் சுலபமாகச் சிரிப்பு வாங்கலாம். விழா அறை அதிரும். அதைத்தான் செய்யக் கூடாது. நாம் இன்னொரு மொழிக்காரர்களின் ஊரில் பல தலைமுறையாகப் பிழைக்கிறவர்கள். நம்மைப் பற்றிய இப்படிப்பட்ட கேலி எப்படி வலித்தது என்று உங்கள் வளாகத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேலி மேலே பார்த்துப் போகும்போதுதான் அதற்கு மதிப்பு. 1987-இல் ஆனந்த விகடனின் அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் பற்றி வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விடுவித்தார்கள். ஒரு துணுக்குக்கு இருந்த பலம் அது. பிள்ளைகளை மிரட்ட இதைச் சொல்லவில்லை, எங்கே குறி வைக்க வேண்டும் என்று காட்டவே சொல்கிறேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்தியைச் சொல்வதற்கும் பிறர் படைப்பின் பகுதியை நியாயமான அளவில் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்காகச் செய்தி நிறுவனங்களின் காட்சிகளை நீளநீளமாக எடுத்து யூடியூபில் ஏற்றினால் அவர்கள் புகார் கொடுப்பார்கள், காணொளி நீக்கப்படும். துண்டுகள் சில நொடிகளாகவே இருக்கட்டும். முடிந்த இடத்தில் செய்தித்தாள் தலைப்பைக் கையில் பிடித்துக் காட்டினாலே போதும். அவதூறு குற்றம்தான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. நிஜமான ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக அவர் படத்தோடு காட்டக் கூடாது, செயற்கை நுண்ணறிவுக் கருவியில் அவர் குரலைச் செய்து போடவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிஜமான ஆட்கள் நிஜமாகச் சொன்னதை மட்டும் பேசட்டும், பொய்யான ஆட்கள் பொய்ப் பெயரில் பேசட்டும். இரண்டும் கலந்தால் மாமாவுக்கு நேர்ந்தது ஊருக்கே நேரும்.

நீளம் பதினைந்து நிமிடம். நெட்ஃபிளிக்ஸ் படமே எழுபது நிமிடத்தில் பல இடங்களில் தொய்ந்துவிட்டது, அவர்களிடம் ஹாலிவுட் நடிகர்கள் இருந்தும். ஒரு பக்க வசனம் ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து, பதினைந்து பக்கத்துக்கு மேல் எழுதவே விடாதீர்கள்.

மாமாவையும் இதில் சேருங்கள். பார்வையாளராக மட்டும் வைக்காமல், வெட்டி முடித்த பிரதியை அவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவருக்கு ‘இது நிஜமோ’ என்று தோன்றுகிறதோ அங்கே கையைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் கை தூக்கிய ஒவ்வொரு இடத்தையும் பிள்ளைகள் திருத்த வேண்டும். ஏமாந்தவர் என்று பேரன் முன்னால் குறுகிப்போன மனிதர், படத்தின் பரிசோதகராக நிமிர்ந்து உட்காருவார். இதில் எனக்கு ரொம்ப ஆசை.

விழா முடிந்ததும் மைக்கை நீட்டி, ‘படம் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘நன்றாக இருந்தது’ என்பார்கள், பிள்ளைகளுக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பிள்ளைகளே வீடு வீடாகப் போய் இரண்டு கேள்வி கேட்கட்டும்: எந்த இடத்தில் சிரித்தீர்கள்? எந்த இடத்தில் திரையைப் பார்க்கப் பிடிக்கவில்லை? காரணம் கேட்க வேண்டாம், வாதாட வேண்டாம், எழுதி மட்டும் வரட்டும்.

முதல் வெட்டுப் பிரதியை ஆசிரியையும் மாமாவும் பார்த்த பிறகு, இந்தப் பகுதியின் முகவரிக்கு எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பாவது கைக்குக் கிடைத்தால், வெட்ட வேண்டிய இடங்களையும் வரிசை மாற்ற வேண்டிய இடங்களையும் நிமிடக் கணக்கோடு குறித்து அனுப்பிவைக்கிறேன்.